நூலகத்துல நான் ஓட்டின பஸ்

கண்ணைத் தொறக்காதீங்கக்கா. சொட்டு மருந்து விட்ட பொண்ணு சொல்லிட்டுத்தானே போச்சு, கூப்பிடற வரைக்கும் மூடியே வச்சிருக்கணும்னு. தொறந்து பாக்கறதுக்கும் இங்க ஒண்ணுமில்ல. எதிர் வரிசையில இருக்கறவங்க பூராப் பேரும் உங்களை மாதிரியே கண்ணை மூடிக்கிட்டு, சாமி கும்பிடற மாதிரி உக்காந்திருக்காங்க. நான் யாருன்னா, உங்களுக்குப் பக்கத்து சேர்ல இருக்கறவ. பேரு சம்பூர்ணம். எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, எங்கூட்டுக்காரரைக் கூட்டியாந்திருக்கேன். அந்த மூலையில இருட்டு ரூமு ஒண்ணு இருக்குதுங்க, அதுக்குள்ள போயிருக்காரு. போறப்பவே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் போனாரு.

எங்களுக்குள்ள சண்டைங்க. சொத்துச் சண்டை இல்ல, மாமியா சண்டை இல்ல. ஒரு பஸ்ஸால வந்த சண்டை. அதுவும் ரோட்டுல ஓடற பஸ் இல்ல, எங்க ஊரு நூலகத்துக்குள்ள ஓடின பஸ்.

சிரிக்காதீங்க, கண்ணுல தண்ணி வந்தா மருந்து போயிரும். மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்கூட்டுக்காரரு பேரு அர்த்தனாரி. கவருமெண்டு பஸ் டிரைவரா இருந்தவரு. சர்வீஸ் பூரா கொல்லிமலை ரூட்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த எழுபதையும் அவரே வளைச்சு வச்ச மாதிரி பேசுவாரு. கல்யாண வூட்டுல பந்தியில உக்காந்துக்கிட்டு பக்கத்து எலைக்காரன்கிட்ட "அந்த அம்பதாவது வளைவு இருக்குது பாருங்க"ன்னு ஆரம்பிச்சாருன்னா, அந்தாளு பாயசத்துக்குக் கூடக் காத்திருக்காம எலையை மடிச்சுட்டுப் போயிருவான். ரிட்டையரான பின்னாடி ஒரு தனியார் ஸ்கூலுக்கு வேன் ஓட்டிக்கிட்டிருந்தாரு. காலையில புள்ளைங்கள எறக்கி விட்டுட்டு நேரா நூலகத்துக்குப் போயிருவாரு. மறுபடியும் ஸ்கூல் விடற நேரம் வரைக்கும் பேப்பரு. மத்தியானம் நான் சோத்துக் கேரியரைத் தூக்கிக்கிட்டு அங்கயே போவேன்.

இத்தனை வருசம் ஓட்டினாரே, எனக்கு ஒரு மொபெட்டாவது சொல்லிக் குடுத்தாரான்னு கேளுங்க. "ஒரு வூட்டுக்கு ஒரு டிரைவர் போதும் புள்ள"ன்னுட்டாரு. நானும் அன்னிக்கே விட்டுட்டேன். எதையும் மனசுல வச்சுக்கற ஆளு நான் இல்லீங்க. எங்க பெரியவன் அஞ்சாவது படிக்கறப்ப சொன்னது அது, ஆடி மாசம், வெள்ளிக்கிழமை, அன்னிக்குக் கத்திரிக்காக் கொழம்பு.

எங்க நூலகம் எப்படீன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். அங்க ஒரு பேப்பரை முழுசா யாரும் படிக்க முடியாது. தாள் தாளா உருவி ஆளுக்கொண்ணா வச்சிருப்பாங்க. ராசிபலன் ஒருத்தர்கிட்ட, கிரிக்கெட்டு ஒருத்தர்கிட்ட. ஒரு கொலைச் சேதியில கத்தி எடுத்தது வாசப்பக்கம் இருக்கும், குத்தினது ஜன்னலோரம் இருக்கும். தலையங்கம் இருக்கற தாளு மட்டும் எப்பவும் புலவர் செங்கோடனார் மடியில. ரிட்டையரான தமிழ் வாத்தியாரு, வாசகர் வட்டத்துக்குத் தலைவரு. அந்தத் தாளை விரிச்சு வச்சுக்கிட்டு நல்லாத் தூங்குவாரு. யாராச்சும் உருவினா மட்டும் முழிச்சுக்குவாரு.

போன வருசம் புதுசா ஒரு நூலகர் வந்துச்சு, ரெஜினான்னு. வந்ததும் வராததுமா எங்க ஊர்ப் பையன் ஒருத்தனைப் புடிச்சிருச்சு. அவன் பெங்களூருல கம்ப்யூட்டர் கேம் செய்யற கம்பெனியில இருக்கறவன், சின்னதுல இந்த நூலகத்துல படிச்சவனாம். அவன் ஒரு பெரிய டிவி, ஸ்டியரிங்கு, கியரு, கீழ மூணு பெடலு, உக்கார சீட்டுன்னு மொத்தமா வாங்கிக் குடுத்துட்டான். அதுல பஸ் ஓட்டலாம். எந்த ரோட்டுலன்னு நெனைக்கறீங்க? கொல்லிமலை ரோட்டுல! வளைவு வளைவாப் போட்டோ எடுத்து அவனே செஞ்சதாம். அடிவாரத்துல ஏறினா மலைக்கு மேல சோளக்காடு ஊரு வரைக்கும் போகலாம்.

அதை வைக்கறதுக்கு எடமில்லைன்னு கலைக்களஞ்சியம் அடுக்கி வச்சிருந்த பீரோவை நகத்தினாங்க. அப்பத்தான் அதுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் இருக்கறதே ஊருக்குத் தெரிஞ்சுது.

ரெஜினா ஒரு சட்டம் போட்டுச்சு. பஸ் ஓட்டணும்னா உறுப்பினரா இருக்கணும், ஒரு புத்தகமாவது எடுத்துட்டுப் போகணும். நான் இருக்கறதுலயே ஒல்லியான புத்தகத்தைத் தேடி எடுத்தேன். காளான் வளர்ப்பு. அதையே திருப்பிக் குடுத்துத் திருப்பி எடுப்பேன். ரொம்ப நாளைக்கு ரெஜினா நான் காளான் பண்ணை வச்சிருக்கேன்னே நெனைச்சிருக்குது. ஒரு தடவை அரைக் கிலோ வேணும்னு கேட்டுச்சு.

மத்தியானம் அவரு வேன் எடுக்கக் கெளம்பிருவாரு. நான் கேரியரைக் கழுவி வச்சுட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு சீட்டுல ஏறி உக்காருவேன். மொத நாளு கெளப்பினதுமே பஸ்ஸு நேரா டீக்கடைக்குள்ள போயிருச்சு. ஒருத்தரும் திட்டல. டிவி "மறுபடியும் ஓட்டறீங்களா?"ன்னு கேட்டுச்சு. அதுதாங்க எனக்குப் புடிச்சுது. எங்க வூட்டுல சோறு கொஞ்சம் கொழைஞ்சாக்கூட ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டுவாங்க. இங்க பள்ளத்துல நாப்பது பேரோட உருண்டாலும், மறுபடியும் ஓட்டறீங்களான்னு மரியாதையாக் கேக்குது.

ஹாரன் மட்டும் கெடையாது. அந்த டிவிக்கு மேலயே "அமைதி காக்கவும்"னு போர்டு இருக்குதில்ல, அதனால ரெஜினா சத்தத்தை நிறுத்திருச்சு. கொல்லிமலையில ஹாரன் அடிக்காம ஒரு டிரைவரை ஏறச் சொல்லுங்க பாக்கலாம். நான் ஏறினேன். தடுமாறித் தடுமாறி, கடைசியில ஒரு கீறல் விழாம சோளக்காட்டுல கொண்டுபோய் நிறுத்தினேன். இன்னிக்கு இங்க வர்றப்பக்கூட பஸ் டிரைவர்கிட்ட "தம்பி, இந்த எடத்துல ரெண்டாவது கியரு போதும்"னு பக்குவமாச் சொன்னேன். அவன் என்னைய மொறைச்சான். நல்லதுக்குக் காலமில்லீங்க.

புலவருக்கு ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல. கூட்டம் வர ஆரம்பிச்சிருச்சு, அவரால தூங்க முடியல. வாசகர் வட்டக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "இன்று நூலகத்தில் பேருந்து ஓடுகிறது, நாளை கப்பல் விடுவீர்களா? அறிவு வளர்க்கும் இடத்தில் சக்கரம் சுற்றுவது தகுமா?"ன்னு கேட்டாரு. ரெஜினா அமைதியாச் சொல்லுச்சு, "ஐயா, ஒருத்தரு தன் வீட்டுக்கு வாங்க முடியாததை ஊருக்கே பொதுவா வாங்கி வைக்கிறதுதானே நூலகம்? ஒரு காலத்துல அது பேப்பரா இருந்துச்சு." பேப்பர்னதும் புலவருக்குச் சுருக்குனு ஆயிருச்சு. மடியில இருந்த தாளைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு.

அப்பறந்தான் வெனை வந்துச்சு. மேல இருந்து நூலக அதிகாரி பாக்க வர்றாருன்னு தெரிஞ்சதும், புலவரு எங்கூட்டுக்காரரைப் புடிச்சாரு. "அர்த்தனாரி, அசல் மலையில் ஓட்டியவர் நீர். அதிகாரி முன்னால் அமர்ந்து, இது வெற்றுப் பொம்மை என்று மெய்ப்பியும்." இவருக்குத் தலைகால் புரியல. அன்னிக்குன்னு பார்த்துப் பழைய காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டாரு. வயித்துக்கிட்ட பட்டன் போடவே முடியல, ஊக்குக் குத்தி விட்டேன்.

உக்காந்தாரு. கெளப்பினாரு. மொத வளைவுல எடது பக்கம் வந்த பைக்கைத் தூக்கினாரு. அடுத்ததுல எடது பக்கத்துச் செவரு. அதுக்கடுத்ததுல ஓரமாப் போயிட்டிருந்த ஆட்டு மந்தை. அத்தனை ஆடும் போச்சுங்க. கூட்டம் கெக்கெக்கேன்னு சிரிக்குது. அதிகாரியே கர்ச்சீப்பை வச்சு வாயைப் பொத்திக்கிட்டாரு. பொய் சொல்ல மாட்டேன், எல்லாத்தையும் விட நாந்தான் சத்தமாச் சிரிச்சேன். அதோட நின்னேனா? "எந்திரிங்க, நான் காட்டறேன்"னு சீட்டுல உக்காந்து, சோளக்காடு வரைக்கும் ஏத்தி நிறுத்தினேன். கை தட்டினாங்கக்கா. என் ஆயுசுல எனக்குன்னு கை தட்டினது அன்னிக்குத்தான்.

வூட்டுக்கு வந்ததும் காக்கிச் சட்டையைச் சுருட்டிப் பரண்ல எறிஞ்சாரு மனுசன். மறுநாளு புலவரு அந்தச் செட்டை எடுக்கச் சொல்லி மனு எழுதினாரு, மொதக் கையெழுத்து யாருதுங்கறீங்க? எங்கூட்டுக்காரருதுதான். ஊர் ஊரா ஆள் புடிச்சுக் கையெழுத்து வாங்கிக் குடுத்ததும் அவருதான். பொறாமை! பொண்டாட்டி நல்லா ஓட்டறாங்கற வயித்தெரிச்சல்! நான் ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னேன். அவரு மனசு நோகற மாதிரி ஒண்ணும் சொல்லலீங்க, உள்ளதைத்தான் சொன்னேன்.

அப்பறம் ஒரு நாளு, கேரியரோட போறேன், பேப்பர் மேசையில ஆளைக் காணோம். எட்டிப் பாத்தா அந்த மூலையில தனியா உக்காந்து பஸ் ஓட்டிக்கிட்டிருக்காரு. மனு குடுத்த மனுசன்! கையுங்களவுமாப் புடிக்கலாம்னு பூனை மாதிரி போய் அவருக்கு எடது பக்கத்துல நின்னேன். ரொம்பக் கிட்டத்துல. அவரு கோழி மாதிரி கழுத்தைக் கழுத்தை வெட்டிக்கிட்டு ஓட்டறாரு, ஆனாலும் எடது பக்கம் போய் இடிக்கறாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

கல்யாணமாகி இத்தனை வருசத்துல மூஞ்சிக்குப் பக்கத்துலயே நாக்கைத் துருத்தினது அதுதான் மொதத் தடவை. கண்டுக்கல மனுசன். கையை ஆட்டினேன். ரெண்டு கையையும் ஆட்டினேன். கண்டுக்கல. அப்பத்தாங்க எனக்குச் சிரிப்பு நின்னுது.

ரெஜினாவைச் சைகையில கூப்பிட்டு அதே எடத்துல நிக்க வச்சுட்டு, நான் சுத்திக்கிட்டு அவருக்கு முன்னாடி வந்தேன். "ஏனுங்க, நேரா என்னையப் பாருங்க. திரும்பாதீங்க. உங்களுக்கு எடது பக்கம் யாரு நிக்கறா?"

"யாருமில்ல"ன்னாரு.

ரெஜினா வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது. அது விசும்பின சத்தத்துலதான் அவரு திரும்பிப் பாத்தாரு. பாத்தவரு பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டாரு.

அப்ப நான் நெனைச்சது பஸ்ஸை இல்லக்கா. ஸ்கூல் வேனுல புள்ளைங்க ஏறறதும் எறங்கறதும் எந்தப் பக்கம்? எடது பக்கம். முட்டிக்கால் ஒசரம் இருக்குதுங்க ஒவ்வொண்ணும். எறங்கின கையோட தண்ணி பாட்டிலைக் கீழ போட்டுட்டுக் குனிஞ்சு தேடும். குனிஞ்சா இவ்வளவுதான் இருக்கும், என் கையைப் பாருங்க. பாக்க வேண்டாம், கண்ணைத் தொறக்காதீங்க.

கேரியரைப் பிரிக்காமலே உக்காந்திருந்தோம், ஸ்கூல் விடற நேரம் ஆயிருச்சு. அவரு பழக்கத்துல எந்திரிச்சாரு, சட்டைப் பையில சாவியத் தொட்டாரு. நான் குறுக்க நின்னேன். அவரு திட்டல, கத்தல. சாவிய எடுத்து அந்தக் கலைக்களஞ்சியத்து மேல வச்சுட்டாரு. ரெஜினா ஸ்கூலுக்குப் போன் பண்ணி வேற டிரைவரை ஏற்பாடு பண்ணச் சொல்லுச்சு. நானே போய் ஓட்டியாந்தர்றேன்னு சொன்னேன். எழுபது வளைவு ஏறினவளுக்கு ஒரு ஸ்கூல் வேனு பெருசா? ரெஜினா அந்தச் சாவிய எடுத்து மேசை டிராயருக்குள்ள போட்டுப் பூட்டிருச்சு.

ரெஜினா கேட்டுச்சு, "இதுக்கு முன்னாடி வீட்டுல எதுவும் தெரியலையாம்மா?"ன்னு. என்னத்தத் தெரியும்? நான் எலையில எடது பக்கம் வைக்கற ஊறுகாயை அவரு ரெண்டு வருசமாத் தொடறதில்ல. எங்கையால போட்டதுன்னு எளக்காரம். காப்பி டம்ளரை எடது பக்கம் வச்சா தெனமும் தட்டி விட்டுருவாரு. திமிரு. எங்க சின்னம்மா மக கல்யாணத்துல எந்தம்பி கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே நிக்கறான், இவரு பாக்காத மாதிரி நேராப் போறாரு. அதுக்கு நான் ஆறு மாசம் பேசாம இருந்தேன். இதெல்லாம் கண்ணுல இருக்கற கோளாறுங்களா? கொழுப்புங்க. கொழுப்புன்னுதான் நெனைச்சேன். இப்பவும் அந்தக் கல்யாண விசயம் மட்டும் கொழுப்புதான்.

வேனை விட்டாரே ஒழிய, கண்ணை ஒத்துக்கல. கேக்கறவங்ககிட்டயெல்லாம் "வயசாச்சு, ஓய்வு எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டுத் திரியறாரு. அந்தக் கேமுலதான் ஏதோ கோளாறாம், எடது பக்கம் ஆளு திடீர் திடீர்னு மொளைக்குதாம். இதுக்கு நடுவுல மனுவுக்குப் பதில் வந்திருச்சு. முடிவு பண்ற வரைக்கும் செட்டை யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. ரெஜினா அதுமேல ஒரு பெட்ஷீட்டைப் போத்தி வச்சிருக்குது. போன வாரம் போனேன், பொணத்தை மூடி வச்ச மாதிரி கெடக்குது. புலவரு பக்கத்துலயே சேரைப் போட்டுத் தூங்கறாரு. எனக்கு அழுகையே வந்திருச்சுங்க. சும்மா பேச்சுக்குச் சொல்லல, அழுதேன்.

மொதக் கையெழுத்துப் போட்டவரே வந்து வேண்டாம்னு சொன்னா மனு நிக்காதுன்னு ரெஜினா சொல்லுச்சு. வூட்டுல கேட்டேன், கெஞ்சினேன், ரெண்டு நாளு ரசம் மட்டும் வச்சுப் பாத்தேன். கடைசியில இன்னிக்குக் காலையில பஸ்ஸுல வர்றப்பத்தான் வாயைத் தொறந்தாரு. "சரி புள்ள. ஆஸ்பத்திரியில கண்ணு கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா நானே போய்க் கையெழுத்தை வாபஸ் வாங்கறேன். நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா, நீ அந்தப் பஸ்ஸைப் பத்திப் பேசவே கூடாது."

நானும் அவசரத்துல சரின்னுட்டேன். அப்பறம் இந்த சேர்ல வந்து உக்காந்துதான் யோசிக்கறேன். இப்ப நான் என்னன்னு சாமி கும்பிடறது, சொல்லுங்க. கண்ணு நல்லா இருக்கணும்னு கும்பிட்டா பஸ்ஸு போச்சு. பஸ்ஸு வேணும்னு கும்பிட்டா, கட்டின புருசன் கண்ணு அவிஞ்சு போகணும்னு வேண்டிக்கற மாதிரி ஆவுது. வர்ற வழியில ஒரு புள்ளையார் கோயிலு இருந்துச்சு. அவரு கும்பிட்டாரு. நான் செருப்பைப் பாத்துக்கறேன்னு வெளியவே நின்னுக்கிட்டேன்.

என்னமோ கூப்பிடறாங்களே. சம்பூர்ணமா? நாந்தான், நாந்தான்! இருங்கக்கா, கண்ணைத் தொறக்காதீங்க, வந்தர்றேன்.

அக்கா, இருக்கீங்களா? நாந்தான். உங்களைக் கூப்பிட்டுட்டாங்களோன்னு நெனைச்சேன்.

உள்ள ஒரு மெஷினுங்க. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்ச்சு வச்ச மாதிரி. அதுக்குள்ள மூஞ்சிய வச்சு நடுவுல இருக்கற புள்ளியையே பாத்துக்கிட்டு இருக்கணும். சுத்தி அங்கங்க சின்னச் சின்ன வெளிச்சம் வரும், தெரிஞ்சா கையில இருக்கற பட்டனை அழுத்தணும். பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இதுவும் கேமுதான்னு. மனு போட்டு ஒழிச்சுக் கட்டினவருக்கு ஆஸ்பத்திரியில கேமு.

அந்த மெஷினைப் பாத்துக்கற பொண்ணு சொல்லுச்சு, "அம்மா, ஐயா வெளிச்சம் வராதப்பவும் அழுத்தறாரு. தாளம் போடற மாதிரி டக்கு டக்குனு அழுத்திட்டே இருக்காரு. இதை வச்சு டாக்டர் ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்சம் நீங்க சொல்லுங்க."

கள்ளாட்டம் ஆடியிருக்காருக்கா! என்னைய ஜெயிக்கறதுக்கு! எனக்கு வந்த கோவத்துக்கு, "ஏனுங்க, இங்க யாரும் உங்களுக்கு மெமோ குடுக்கப் போறதில்ல, தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க"ன்னு கத்திட்டேன். அவரு தலையைக் கூடத் தூக்கல. "நீ இங்கயே நில்லு புள்ள"ன்னாரு. எங்கயும் என்னைய நில்லுன்னு சொன்னதே இல்ல அவரு.

நின்னேன். அந்தப் பொண்ணு மறுபடியும் ஆரம்பிச்சுது. அந்தப் பொண்ணுக்கு முன்னாடி சின்ன டிவி ஒண்ணு, வெளிச்சம் எங்க வருதுன்னு அதுல தெரியுது. வலது பக்கம் ஒண்ணு வந்துச்சு, டக்குனு அழுத்தினாரு. இன்னொண்ணு, அழுத்தினாரு. கரெக்டா அழுத்தறாரு. அப்பறம் எடது பக்கம் வர ஆரம்பிச்சுது. மேல ஒண்ணு. கீழ ஒண்ணு. ஓரத்துல ஒண்ணு. ஒரு தடவை கூடப் பட்டன் சத்தம் வரல. பட்டனைப் புடிச்ச கை மட்டும் தயாரா இருக்குது. பொண்ணு என்னையப் பாக்காம குனிஞ்சுக்கிச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு, மூஞ்சிய எடுக்காம மெதுவாக் கேட்டாரு. "சம்பூர்ணம், இப்ப ஏதாச்சும் வருதா?"

வந்துக்கிட்டேதான் இருந்துச்சுங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு.

"இல்லீங்க, இன்னும் வரல"ன்னு சொன்னேன்.

"சரி, வந்தா அழுத்தறேன்"னாரு.